ஈய அளவுகோலும் இரண்டாவது கப்பலும்

கேள்வி இது: பண்டைய கிரேக்கர்கள் 'ஃப்ரொனேசிஸ்' என்று சொன்ன நடைமுறை ஞானம் என்பது என்ன? வல்லுநர்களும் புள்ளிவிவரங்களும் நிறைந்த இன்றைய அரசியலில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறதா? அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

வேலை இருக்கிறது. ஆனால் அதை விளக்குவதற்கு முன் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தவறான அர்த்தங்களை உரித்துவிட வேண்டும். ஒன்று, முன்ஜாக்கிரதை. ரோமானிய அறிஞர் சிசரோ இந்தச் சொல்லை இலத்தீனில் 'புரூடென்ஷியா' என்று பெயர்த்தார். ஐரோப்பிய மொழிகளுக்குள் போன அந்தச் சொல் காலப்போக்கில் 'வம்பில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னொன்று, சாமர்த்தியம். காரியத்தை எப்படியாவது முடித்துவிடும் திறமை. அரிஸ்டாட்டில் இரண்டையும் சொல்லவில்லை. தமிழில் 'விவேகம்' என்ற சொல்தான் அவர் சொன்னதற்கு மிக அருகில் வருகிறது. இனி அதையே பயன்படுத்துகிறேன்.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் 6ஆம் பகுதியில் அறிவை வகை பிரிக்கிறார். அவருடைய ஆசிரியர் பிளேட்டோ மெய்ஞ்ஞானத்தையும் விவேகத்தையும் கறாராகப் பிரித்துப் பேசியதில்லை. பிரித்தவர் அரிஸ்டாட்டில்தான். மாற முடியாதவற்றைப் பற்றிய அறிவு ஒன்று. சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பக்கத்தோடு ஒப்பிட்டு அளக்க முடியுமா என்று யாரும் சபை கூட்டி ஆலோசிப்பதில்லை. அது என்றைக்கும் இருக்கிறபடிதான் இருக்கும். பொருளை உண்டாக்கும் கைத்திறன் இன்னொன்று. தச்சருடைய திறமைக்குச் சாட்சி அவர் செய்து முடித்த கட்டில். விவேகம் இந்த இரண்டிலும் சேராது. அது செயலைப் பற்றியது. இந்த நேரத்தில், இந்த மனிதர்கள் விஷயத்தில், நல்ல வாழ்க்கை என்ற முழு நோக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு எதைச் செய்வது என்று பார்க்கும் பார்வை. 'பார்வை' என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. அனுபவசாலிகளுக்கு அனுபவம் ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறது, அதனால் அவர்கள் நிரூபிக்காமல் சொல்வதைக்கூடக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவரே எழுதுகிறார்.

அவர் தரும் உதாரணம் சமையலறையிலிருந்து வருகிறது. லேசான இறைச்சி எளிதில் செரிக்கும் என்று ஒருவருக்குத் தெரியும், ஆனால் எது லேசான இறைச்சி என்று தெரியாது. இன்னொருவருக்குக் கோழிக்கறி உடம்புக்கு நல்லது என்பது மட்டும் தெரியும். நோயாளியைத் தேற்றி எழுப்பப்போவது இரண்டாமவர்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதுதான் இது. ஆனால் அரிஸ்டாட்டில் அதோடு நிற்பதில்லை. பொது விதி, தனி நிலவரம் இரண்டும் வேண்டும், ஒன்றுதான் கிடைக்கும் என்றால் தனி நிலவரத்தைப் பற்றிய அறிவு வேண்டும் என்கிறார். இளைஞர்கள் வடிவக் கணிதத்தில் மேதைகளாகலாம், விவேகிகளாக முடிவதில்லை என்று அவர் சொல்வதும் இதனால்தான். கணக்குக்கு அனுபவம் வேண்டாம். இதற்கு வருஷங்கள் வேண்டும்.

விவேகிக்கு அவர் பெயர் சொல்லிக் காட்டும் ஆள் ஏதென்ஸின் அரசியல் தலைவர் பெரிக்கிளிஸ். தேலீஸ், அனக்சகோரஸ் போன்ற தத்துவவாதிகளை ஞானிகள் என்று ஒப்புக்கொள்கிறார். அரிய, வியப்பான விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும், ஆனால் மனிதருக்கு நன்மையானது எது என்று அவர்கள் தேடவில்லை, ஆகவே விவேகிகள் அல்ல என்கிறார். பெரிக்கிளிஸ் அப்படியல்ல, தனக்கும் மற்றவர்களுக்கும் நல்லது எது என்று பார்க்கத் தெரிந்தவர். இது துணிச்சலான தேர்வு. அதே பெரிக்கிளிஸைத்தான் பிளேட்டோ ஓர் உரையாடலில் ஏதென்ஸ் மக்களைச் சோம்பேறிகளாகவும் பேராசைக்காரர்களாகவும் ஆக்கியவர் என்று சாடியிருந்தார். ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவரை மாணவர் முன்மாதிரியாக நிறுத்துகிறார். இந்த ஒரு வரியில் இருவருடைய அரசியல் பார்வையும் பிரிந்துபோவதாகவே நான் படிக்கிறேன்.

பெரிக்கிளிஸிடம் என்ன இருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் சாட்சி. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது, தரையில் வலுவான எதிரியோடு தரையில் மோத வேண்டாம், வயல்களை விட்டுவிட்டு மதிலுக்குள் வாருங்கள், கடலை நம்புவோம் என்றார். தன் தோட்டம் எரிவதை மதில்மேல் நின்று பார்க்கும் விவசாயியிடம் இதைச் சொல்லி ஏற்க வைப்பது சாதாரண வேலையில்லை. மக்கள் அளவுமீறித் துள்ளியபோது பேசி அடக்கினார், காரணமின்றி மிரண்டபோது பேசித் தைரியம் ஊட்டினார் என்கிறார் துசிடிடிஸ். அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த கூட்டத்தில் அது காட்டுத்தீயாகப் பரவியது. மக்கள் அவர்மேல் பாய்ந்து அபராதம் போட்டார்கள், பிறகு மீண்டும் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 429இல் அவரும் இறந்தார். விவேகம் முன்கூட்டியே எல்லாவற்றையும் காணும் வரம் அல்ல. கொள்ளைநோய் எந்தத் திட்டத்திலும் இல்லை.

சாமர்த்தியத்தைப் பற்றிச் சொன்னேன். வைத்த குறியை அடையும் திறமைக்கு அரிஸ்டாட்டில் தனிச் சொல்லே வைத்திருக்கிறார். குறி நல்லதாக இருந்தால் அந்தத் திறமை பாராட்டுக்குரியது, கெட்டதாக இருந்தால் அது வெறும் கயமை. நல்லவராக இல்லாமல் விவேகியாக இருக்க முடியாது என்பது அவருடைய முடிவு. தேர்தல் கணக்கில் கில்லாடியாக இருக்கும் எவரையும் 'அரசியல் ஞானி' என்று எழுதிவிடும் பழக்கம் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் அந்த இடத்தில் பேனாவை நிறுத்த வேண்டும்.

இனி லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவுக்கு வருகிறேன். நம் கொத்தனார் கையில் இருக்கும் மூலமட்டமும் ரசமட்டமும் விறைப்பானவை. செங்கல் ஒரே அளவாக இருப்பதால் அவை போதும். லெஸ்போஸில் ஒழுங்கற்ற விளிம்புள்ள கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பியவர்கள் ஈயத்தாலான அளவுகோல் வைத்திருந்தார்கள். கல்லின் விளிம்பில் வைத்து அழுத்தினால் அது அந்த வளைவுக்கு வளைந்துகொடுக்கும். அந்த வளைவை வைத்து அடுத்த கல்லைப் பொருத்தலாம். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அரிஸ்டாட்டில் இந்தக் கோலைத்தான் எடுக்கிறார். சட்டம் பொதுவாகவே பேச முடியும், வாழ்க்கையோ தனித்தனியாக வருகிறது. சட்டம் பொருந்தாத இடம் வரும்போது தவறு சட்டத்திலும் இல்லை, அதை இயற்றியவரிடமும் இல்லை, விஷயத்தின் இயல்பே அப்படி. அப்போது, சட்டம் இயற்றியவர் இங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு அவர் தரும் பெயர் 'எபியெய்கியா'. எழுத்தைத் தளர்த்தி நோக்கத்தைக் காப்பாற்றும் நேர்மை.

அரிஸ்டாட்டில் கி.மு. 345 வாக்கில் அதே தீவுக்குப் போய் மிட்டிலீனி நகரில் வாழ்ந்தார். கடல் உயிரினங்களைப் பற்றிய அவருடைய பல அவதானிப்புகள் அந்தத் தீவின் கடற்கழியில் கிடைத்தவை. அவர் போவதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன், அதே நகரின் உயிர் ஒரு தீர்மானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிட்டிலீனி ஏதென்ஸின் கூட்டாளி. கப்பம் கட்டும் ஊர்களைப் போல இல்லாமல் சொந்தக் கடற்படையோடு மரியாதையாக வைக்கப்பட்டிருந்த கூட்டாளி. அது கி.மு. 428இல் கலகம் செய்தது. முற்றுகையில் பட்டினி வந்தது. அதுவரை ஆயுதம் தரப்படாமல் இருந்த சாதாரண மக்கள், கையில் ஆயுதம் வந்ததும், இருக்கும் தானியத்தை எல்லோருக்கும் பங்கிடுங்கள், இல்லையென்றால் ஊரை ஏதென்ஸிடம் ஒப்படைப்போம் என்று பிரபுக்களை நெருக்கினார்கள். ஊர் பணிந்தது. 427இல் ஏதென்ஸ் சபை கூடியது. கோபம் தலைக்கேறியிருந்தது. வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது என்று தீர்மானமாயிற்று. உத்தரவோடு கப்பல் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பலருக்கு நெஞ்சு உறுத்தியது. குற்றவாளிகளை மட்டும் தண்டிக்காமல் ஊரையே அழிப்பதா? சபை மறுபடி கூட்டப்பட்டது. முதல் நாள் தீர்மானத்தைக் கொண்டுவந்த அரசியல்வாதி கிளியோன் எழுந்தார். அவர் முட்டாள் அல்ல. அவர் வாதத்தை இன்றும் எந்தச் சட்டமன்றத்திலும் கேட்கலாம்: எடுத்த முடிவை மாற்றாதீர்கள். மாற்றிக்கொண்டே இருக்கும் நல்ல சட்டங்களைவிட மாறாத மோசமான சட்டங்கள் ஒரு நாட்டுக்கு மேல். சாம்ராஜ்யத்துக்குக் கேடானவை மூன்று என்றார்: இரக்கம், பேச்சில் மயங்குவது, மூன்றாவதாக எபியெய்கியா. ஆம், அதே சொல். அரிஸ்டாட்டில் பின்னாளில் ஈய அளவுகோலோடு சேர்த்து உயர்த்திப் பிடித்த பண்பைத்தான் கிளியோன் பலவீனம் என்று பட்டியலிட்டார். முதல்முறை இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பதில் சொன்னவர் டயோடோட்டஸ், யூக்ரட்டிஸின் மகன். வரலாற்றில் இந்த ஒரு நாள் மட்டும் தெரியும் முகம். நல்ல ஆலோசனைக்கு இரண்டு எதிரிகள், அவசரமும் கோபமும் என்று தொடங்கினார். பிறகு அவர் செய்தது ஆச்சரியமானது. இரக்கத்தைக் கேட்கவே இல்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பதல்ல கேள்வி, நமக்கு நல்லது எது என்பதே கேள்வி என்றார். மரண தண்டனை யாரையும் தடுத்ததில்லை, ஆசையும் நம்பிக்கையும் மனிதரை அதையும் தாண்டி இழுத்துச் செல்கின்றன என்றார். இனிமேல் கலகம் செய்யும் ஊர், பணிந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால், கடைசி ஆள்வரை போராடும் என்றார். எல்லா ஊர்களிலும் சாதாரண மக்கள் இன்று நம் பக்கம் இருக்கிறார்கள், மிட்டிலீனி மக்கள் ஆயுதம் கிடைத்ததும் ஊரை நம்மிடம் ஒப்படைத்தார்கள், அவர்களையும் கொன்றால் நாளை ஒவ்வோர் ஊரிலும் பிரபுக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம்தான் என்றார்.

'மிட்டிலீனியர்' என்ற ஒரே சொல்லுக்குள் கிளியோன் எல்லோரையும் போட்டுக் கட்டியிருந்தார். டயோடோட்டஸ் கட்டை அவிழ்த்து, கலகத்தைத் திட்டமிட்டவர் யார், தானியம் கேட்டவர் யார் என்று பிரித்துக் காட்டினார். விவேகம் என்று அரிஸ்டாட்டில் சொல்லும் பார்வை வேலை செய்வதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது.

வாக்கெடுப்பு கிட்டத்தட்டச் சரிபாதி. டயோடோட்டஸ் மயிரிழையில் வென்றார். இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்தது. ஏதென்ஸில் இருந்த மிட்டிலீனித் தூதர்கள் கப்பலில் மதுவும் பார்லி மாவும் ஏற்றி, முந்திப் போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி தருகிறோம் என்றார்கள். துடுப்புக்காரர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவை வலித்துக்கொண்டே தின்றார்கள். முறைபோட்டுத் தூங்கினார்கள். எதிர்க்காற்று இல்லை. முதல் கப்பலில் இருந்தவர்களுக்கோ அந்தக் கொடிய வேலைக்கு விரைய மனமில்லை. மிட்டிலீனியில் இருந்த ஏதென்ஸ் தளபதி பாக்கீஸ் தீர்மானத்தைப் படித்து முடித்து நிறைவேற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

மெதுவாக ஆலோசி, முடிவெடுத்ததை விரைந்து செய் என்று ஒரு வழக்கு இருப்பதாக அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். ஏதென்ஸ் முதல் நாள் அதைத் தலைகீழாகச் செய்தது, மறுநாள் நேராக்கியது. ஆனால் கதையை இனிப்பாக முடிக்க முடியாது. கலகத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள் கிளியோனின் தீர்மானப்படியே கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் என்கிறார் துசிடிடிஸ். டயோடோட்டஸ் விவேகியா, நல்ல பக்கம் நின்ற சாமர்த்தியசாலியா என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. நீதியை வாயெடுத்துப் பேசினால் தோற்றுவிடுவோம் என்று கணித்து, லாபக் கணக்கில் பேசி உயிர்களைக் காத்தார். அந்தக் கூட்டத்தின் காது எதைக் கேட்கும் என்று அறிந்ததும் விவேகத்தின் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து. நீதி என்ற சொல்லே எடுபடாத சபை எப்படிப்பட்ட சபை என்ற கவலையும் எனக்குக் கூடவே வருகிறது.

இப்போது வல்லுநர்களைப் பற்றிய உங்கள் கேள்வி. அரசியல் ஒரு நிபுணத்துவம், கப்பலை மாலுமியிடம் விடுவதுபோல அதை அறிந்தவரிடம் விட வேண்டும் என்றார் பிளேட்டோ. 1651இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் இன்னும் இறுக்கினார். அரசை அமைத்து நடத்துவது டென்னிஸ் ஆட்டம்போலப் பழக்கத்தில் வருவதல்ல, கணிதம்போல உறுதியான விதிகளில் நிற்பது என்றார். இன்றைக்கு இதே நம்பிக்கை தரவு, மாதிரி, கணிப்பு என்ற பெயர்களில் வருகிறது. தரவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எது லேசான இறைச்சி என்று சொல்ல அதுவும் உதவும். ஆனால் எந்த இழப்பை ஏற்கலாம், யாருடைய இழப்பை, எதற்காக என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. வீடு எப்படி இருக்கிறது என்று கட்டியவரைவிடக் குடியிருப்பவருக்கு நன்றாகத் தெரியும், விருந்தைச் சமைத்தவரைவிடச் சாப்பிடுபவர் நன்றாக மதிப்பிடுவார் என்று அரிஸ்டாட்டில் எழுதியது இதற்குத்தான். பலர் பலதைக் கொண்டுவந்து ஆக்கும் கூட்டாஞ்சோறு ஒருவர் செலவில் போடும் விருந்தைவிடச் சிறப்பாக இருக்கலாம் என்பதும் அவர் வாதம்தான். அவர் ஜனநாயகவாதி அல்ல என்பதால் அந்த வாதத்துக்கு என்னிடம் மதிப்பு அதிகம்.

நம் காலத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1962 அக்டோபர் 16இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதாக அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தகவல் வந்தது. முதல் நாள் பேச்சு விமானத் தாக்குதல் பக்கம்தான் சாய்ந்தது. நாட்கள் எடுத்துக்கொண்டு பேசியதில் கடல் மறிப்பு என்ற வழி மேலே வந்தது. 27ஆம் தேதி அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபாமீது சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அப்படி நடந்தால் திருப்பித் தாக்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கென்னடி பொறுத்தார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக ரகசியமாகக் கொடுத்த வாக்கும் அதில் உண்டு. தீவில் சிறிய ரக அணு ஆயுதங்களும் இருந்தன என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. கையிலிருந்த தரவு முழுமையாக இல்லை, விதி 'தாக்கு' என்றது. அந்த விதி போட்டபோது நினைத்த நிலவரம் இதுதானா என்று நின்று பார்த்ததில்தான் உலகம் பிழைத்தது.

அரிஸ்டாட்டிலைப் பற்றி ஒன்றை மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. அடிமைக்கு ஆலோசிக்கும் திறனே இல்லை, பெண்ணுக்கு இருந்தும் அதற்கு அதிகாரமில்லை என்று எழுதியவர் அவர். கைவேலையும் கூலிவேலையும் செய்து பிழைப்பவருக்கு நற்பண்பைப் பயிலவே முடியாது என்றும் எழுதினார். ஏதென்ஸின் போர்க்கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் 170 பேர். சொத்தில்லாத ஏழைக் குடிமக்கள் பலர் அந்த வேலைக்குத்தான் போனார்கள். மிட்டிலீனிக்குத் தயக்கத்தோடு போன கப்பலிலும், மாவைத் தின்றுகொண்டே விரைந்த கப்பலிலும் இருந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். கொலை உத்தரவைச் சுமந்த கையை மெதுவாக்கவும், மீட்பு உத்தரவைச் சுமந்த கையை வேகமாக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனி நிலவரத்தைப் பார்க்கும் கண் யாருக்கு உண்டு என்ற இடத்தில் அரிஸ்டாட்டில் தன் வர்க்கத்தைத் தாண்டவில்லை. அவருடைய கருத்தை எடுத்துக்கொள்பவர்கள் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிக் கேள்வி, கற்றுக்கொடுக்க முடியுமா? பெரிக்கிளிஸாலேயே தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. கோவில் மாடுபோல அவர்கள் தானாக மேய்ந்து ஞானம் வந்தால் உண்டு என்று விட்டுவிட்டார் என்பது பிளேட்டோவின் ஓர் உரையாடலில் சாக்ரட்டீஸ் சொல்வது. அரிஸ்டாட்டிலின் பதில் பொறுமையானது. மருத்துவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளிக்கு உடம்பு தேறாது. நியாயமாக நடந்து நடந்துதான் நியாயம் பழகும். விவேகம் உள்ளவர் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் பார்வை வரும். புத்தகத்துக்கு அதில் பங்கே இல்லையா என்றால், உண்டு, ஆனால் இரண்டாவதாக. சட்டங்களையும் ஆட்சி முறைகளையும் தொகுத்து வைப்பது அனுபவம் உள்ளவருக்குப் பயன்படும், அனுபவம் இல்லாதவருக்கு அது வெறும் தாள் என்று தன் அறவியல் நூலின் கடைசிப் பக்கத்தில் சொல்கிறார்.

அப்படிச் சொல்லிவிட்டு அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து 158 ஆட்சி முறைகளைத் தொகுத்தார்கள். ஒவ்வோர் ஊரும் எப்படி ஆளப்பட்டது, எங்கே சறுக்கியது என்று ஒவ்வொன்றாக. ஏறக்குறைய எல்லாம் அழிந்துவிட்டன. ஏதென்ஸைப் பற்றியது மட்டும் எகிப்தில் பாப்பிரஸ் சுருள்களில் கிடைத்து 1891இல் அச்சாயிற்று. சுருளின் மறுபக்கத்தில் இருப்பது கி.பி. 78, 79ஆம் ஆண்டுகளின் பண்ணை வரவு செலவுக் கணக்கு.